மீட்டரில் 12 வோல்ட் இருக்கிறது. விசிறி ஏன் சுற்றவில்லை?

1961 மார்ச்சில் ஜெனீவா கார் கண்காட்சியில் ஜாகுவார் நிறுவனம் ஈ-டைப் காரை அறிமுகப்படுத்தியது. இன்றுவரை எல்லோரும் பேசுவது அதன் நீண்ட மூக்கைப் பற்றியும், மணிக்கு 150 மைல் என்று சொல்லப்பட்ட வேகத்தைப் பற்றியும்தான். அந்த மூக்குக்குள் ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்த சிறிய மோட்டாரை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. அக்காலக் கார்களில் பெரும்பாலானவற்றில் ரேடியேட்டர் விசிறியை எஞ்சினே பெல்ட் போட்டுச் சுற்றியது. ஈ-டைப்பில் அந்த வேலை மின்சாரத்திடம் போனது. ரேடியேட்டரின் மேல்தொட்டியில் இருந்த வெப்பச் சுவிட்ச், தண்ணீர் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் விசிறியை ஓட்டும். ஏறத்தாழ 72 டிகிரிக்கு இறங்கியதும் நிறுத்தும்.

இந்த மாற்றத்துக்கு வலுவான காரணம் இருந்தது. எஞ்சினில் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளிர்விக்கும் தண்ணீருக்குள் வெப்பமாக இறங்குகிறது. வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே அதை வாரிக்கொண்டு போய்விடும். விசிறிக்கு வேலையே இல்லை. சிக்னலில் நிற்கும்போதுதான் அது தேவைப்படுகிறது. பெல்ட்டில் ஓடும் விசிறியோ எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது தானும் மெதுவாகவே சுற்றும். நெடுஞ்சாலையில், யாரும் கேட்காதபோது, முழுவேகத்தில் சுற்றும். விசிறி விழுங்கும் சக்தி அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் உயர்கிறது: சுற்று மூன்று மடங்கானால் சக்தி 27 மடங்கு. எஞ்சினின் குதிரைத்திறனில் ஒரு பகுதி இப்படி வீணாகக் காற்றைக் கலக்குவதில் போய்விடும். மின்விசிறியில் இந்தக் குறை இல்லை. தேவைப்படும்போது மட்டும் ஓடும், ஓடும்போது முழுவேகத்தில் ஓடும்.

1973-இல் வந்த எம்.ஜி.பி. ஜி.டி. வி8 காரிலும் இரட்டை மின்விசிறிகள் இருந்தன. சில ஆண்டுகளில் சாதாரண எம்.ஜி.பி.க்கும் மின்விசிறி வந்தது. இந்தியாவில் வீதிக்கு வீதி அதைக் கொண்டுவந்தது 1983-இல் அறிமுகமான மாருதி 800.

பெல்ட் அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். ஒயரிங் கெட்டால் தெரியாது. அறுபது ஆண்டு வயதான கார் ஒன்று போக்குவரத்து நெரிசலில் நிற்கிறது, வெப்பமானியின் முள் ஏறுகிறது, விசிறி அசையவில்லை. உடனே நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: மோட்டார் போய்விட்டது என்று தீர்மானித்துப் புது மோட்டார் வாங்கி மாட்டுவார்கள். அதுவும் ஓடாது, அல்லது ஒரு வாரம் ஓடிவிட்டு நிற்கும். பழைய கார்களின் மின்விசிறிக் கோளாறுகளில் மோட்டாரைச் சந்தேகிப்பது கடைசியாக வரவேண்டியது. அதற்கு முன் பேட்டரியிலிருந்து மோட்டார் வரை போய், பாடி வழியாகப் பேட்டரிக்கே திரும்பும் பாதை முழுவதையும் விசாரிக்க வேண்டும்.

அந்தப் பாதை எளிமையானது. பேட்டரி, இக்னிஷன் சுவிட்ச், ஃபியூஸ், வெப்பச் சுவிட்ச், மோட்டார், எர்த். சில வண்டிகளில் இடையே ஒரு ரிலே இருக்கும். ஆனால் இந்தப் பெயர்களுக்கு நடுவில்தான் உண்மையான பாத்திரங்கள் ஒளிந்திருக்கின்றன. அவை ஒயர்களைச் சேர்க்கும் இணைப்புகள். பிரிட்டிஷ் கார்களில் லூகாஸ் நிறுவனத்தின் குண்டு வடிவ இணைப்பிகள் பிரபலம். ஒயர் முனையில் சிறிய பித்தளைக் குண்டு. அதை ரப்பர் உறைக்குள் உள்ள உலோகக் குழாயில் அழுத்தினால் இணைப்பு முடிந்தது. புதிதாக இருக்கும்வரை நல்ல ஏற்பாடுதான். ஆண்டுகள் போகப்போக ரப்பர் வெடிக்கும், ஈரம் நுழையும், உலோகத்தின் மேல் ஆக்சைடு படியும், குழாயின் பிடி தளரும். இரண்டு உலோகப் பரப்புகள் தொட்டுக்கொண்டிருப்பதுபோலத் தெரிந்தாலும் மிக நுண்ணிய சில மேடுகளில் மட்டுமே அவை உண்மையில் தொடுகின்றன. மின்னோட்டம் முழுவதும் அந்தச் சில புள்ளிகள் வழியாகத்தான் போகிறது. வண்டியின் அதிர்வு அந்தப் புள்ளிகளைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். மெக்கானிக்குகள் ‘லூஸ் கான்டாக்ட்’ என்று ஒரே சொல்லில் சொல்வது இந்த முழு வரலாற்றையும்தான்.

இங்கேதான் மல்டிமீட்டர் ஏமாற்றுகிறது. மோட்டாருக்கு வரும் ஒயரைக் கழற்றி மீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் காட்டும். மின்சாரம் சரியாக வருகிறது, மோட்டார்தான் பழுது என்று முடிவுகட்டிவிடுவார்கள். அந்த முடிவு தவறு. சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை ஏறத்தாழ 10 மெகாஓம். அது இழுக்கும் மின்னோட்டம் மைக்ரோ ஆம்பியர் அளவே. ஓர் இணைப்பு துருப்பிடித்து 10,000 ஓம் தடையாகவே மாறியிருந்தாலும், அந்த அற்ப மின்னோட்டத்துக்கு அங்கே தொலைவது ஒரு வோல்ட்டில் நூறில் ஒரு பங்குதான். மீட்டர் கூசாமல் 12.6 என்று சொல்லும். அதே இணைப்பு வழியாக மோட்டார் ஓட 15 ஆம்பியர் வேண்டும். கிடைக்கப்போவது ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பாதி அடைத்துப்போன குழாயில் குழாய்முனையை மூடிவைத்து அழுத்தத்தை அளந்தால் தொட்டியின் முழு அழுத்தமும் தெரியும்; திறந்தால்தான் தண்ணீர் சொட்டுவது தெரியவரும். ஓடாத மின்சாரத்தில் எடுத்த அளவு எதையும் நிரூபிக்காது.

மீட்டரை ஓம் நிலையில் வைத்து அளந்தாலும் பயன் குறைவு. விசிறிச் சுற்றில் 0.1 ஓம் என்பதே பெரிய கோளாறு. மலிவான மீட்டரின் இரண்டு ஒயர்களுக்கே அதைவிட அதிகத் தடை இருக்கலாம். 0.1 ஓம் எப்படிப் பெரிதாகும் என்பதற்குக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 15 ஆம்பியர் ஓடும்போது 0.1 ஓம் தடையில் தொலைவது 1.5 வோல்ட். அந்த ஓர் இணைப்பில் மட்டும் 22.5 வாட் வெப்பம் பிறக்கிறது. சுண்டுவிரல் நுனி அளவுள்ள ஒரு பித்தளைத் துண்டு அதைத் தாங்காது. ரப்பர் உருகும், உலோகம் கறுக்கும், தடை இன்னும் ஏறும், வெப்பம் இன்னும் கூடும். இந்தச் சுழற்சி ஒருமுறை தொடங்கினால் தானாக நிற்பதில்லை. பழைய ஒயரிங்கில் பழுப்பேறி இறுகிப்போன உறையைக் கண்டால் அந்த இடத்தில் வோல்ட் தொலைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். தொடுவதற்கு முன்பே கண் கண்டுபிடித்துவிடும் கோளாறுகள் இவை.

சரியான சோதனை விசிறியை ஓடவைத்துச் செய்வது. வெப்பச் சுவிட்ச்சின் இரண்டு ஒயர்களையும் ஒரு சிறு துண்டு ஒயரால் சேர்த்தால், இக்னிஷன் போட்டதும் விசிறி ஓடவேண்டும். ஓடும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் உயிர்முனையிலும், மறுமுனையை மோட்டாருக்குள் மின்சாரம் நுழையும் இடத்திலும் வைக்கவேண்டும். மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்த வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 2 வோல்ட் காட்டினால் திருடன் பாதையில் இருக்கிறான். அடுத்து மோட்டாரின் எர்த் முனைக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் நடுவே அளக்கவேண்டும், அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. பலரும் இந்த இரண்டாவது அளவை எடுப்பதே இல்லை. பெயின்ட் அடித்த தகட்டின் மேல் முடுக்கிய எர்த் போல்ட் எத்தனை புதுப்பிக்கப்பட்ட கார்களைப் படுத்தியிருக்கிறது என்பது ஒயரிங் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். காரைச் சீராட்டி, பளபளவென்று பெயின்ட் அடித்த பிறகே விசிறி மந்தமாகிறது என்றால், முதலில் பார்க்கவேண்டியது அந்தப் பெயின்ட்டுக்கு அடியில்.

இழப்பு எந்தப் பக்கம் என்று தெரிந்தபின் அந்தப் பக்கத்தைப் பாதியாகப் பிரிக்கவேண்டும். நடுவில் ஓர் இணைப்பைத் தொட்டு அளந்தால் கோளாறு முன்பாதியிலா பின்பாதியிலா என்பது தெரிந்துவிடும். மிஞ்சியதை மீண்டும் பாதியாக்கவேண்டும். பத்து இணைப்புகள் இருந்தாலும் நான்கு அளவுகளுக்குள் குற்றவாளி அகப்படும். விசிறி அசையவே இல்லை என்றாலும் இதே முறைதான். சுற்று எங்கே அறுந்திருக்கிறதோ அந்த இடத்தின் இரு பக்கங்களுக்கும் நடுவே பேட்டரியின் முழு வோல்ட்டும் நிற்கும். மோட்டாரே கழற்றப்பட்ட நிலையில் சோதிக்க வேண்டியிருந்தால், பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பை இரண்டு ஒயர்களோடு சேர்த்து அந்த இடத்தில் மாட்டலாம். அது நாலரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சின்ன டெஸ்ட் லாம்ப் பளிச்சென்று எரியும் இணைப்பிலேயே இந்தப் பல்பு மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரு பக்கமும் இழப்பு இல்லை, மோட்டார் முனையில் 12 வோல்ட் ஓட்டத்திலேயே நிற்கிறது, ஆனாலும் விசிறி மந்தமாகச் சுற்றுகிறது என்றால் மட்டுமே மோட்டாரைக் குற்றம் சொல்லலாம். தேய்ந்த கார்பன் பிரஷ், கரியேறிய கம்யூட்டேட்டர், காய்ந்த பேரிங் ஆகியவை அப்போது பார்க்கவேண்டியவை. பேரிங் இறுகிய மோட்டார் ஆபத்தானது. சுற்றும் மோட்டார் தனக்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது. சுற்றாமல் முடங்கினால் அந்தக் கட்டுப்பாடு போய்விடும். மின்னோட்டம் பல மடங்கு பாயும். விசிறி புறப்படும் கணத்திலும் இப்படித்தான் ஒரு நொடிப் பாய்ச்சல் நேரும்.

அந்தப் பாய்ச்சலை ஒவ்வொரு முறையும் வாங்கிக்கொள்வது வெப்பச் சுவிட்ச்சின் சிறிய தொடுமுனைகள். ரிலே இல்லாத பழைய அமைப்பில் அவை மெல்லக் கருகுவது இயல்பே. ரிலே வைத்தால் சுவிட்ச் வழியாகப் போவது ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை; கனத்த மின்னோட்டம் பேட்டரியிலிருந்து குறுக்குவழியில் மோட்டாருக்குப் போகும். பழைய காரின் அசல் தோற்றத்தைக் காக்க நினைப்பவர்கள்கூட இந்த ஒரு மாற்றத்தைத் தயங்காமல் செய்யலாம். இன்றைய ரிலேக்களில் 30-ஆம் முனை மின்சாரம் வருமிடம், 87 மோட்டாருக்குப் போகுமிடம், 85-உம் 86-உம் காந்தச் சுருளின் இரு முனைகள். பழைய லூகாஸ் ரிலேக்களில் C என்ற எழுத்து கனத்த மின்னோட்டத்தையும் W என்ற எழுத்து சுருளையும் குறிக்கும். ரிலே ‘டிக்’கென்று சத்தம் போடுவது சுருள் நன்றாக இருப்பதற்கு மட்டுமே சான்று. உள்ளே தொடுமுனை கருகியிருந்தாலும் அது அதே சத்தத்தைப் போடும்.

வெப்பச் சுவிட்ச்சின் ஒயர்களைச் சேர்த்துவிட்டால் விசிறி ஓடுகிறது, வண்டி சூடானால் ஓடவில்லை என்றால் உடனே சுவிட்ச்சைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. அதன் உணர்முனை தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால்தான் வேலை செய்யும். ரேடியேட்டரில் மட்டம் குறைந்து அந்த முனை காற்றிலோ நீராவிக் குமிழிலோ மாட்டிக்கொண்டால், எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும். சுவிட்ச் அமைதியாக இருக்கும். விசிறி மிகவும் தேவைப்படும் நேரத்திலேயே சுவிட்ச் கைவிடுகிறது என்பதுதான் இந்த அமைப்பின் உண்மையான பலவீனம். ஆகவே முதலில் மட்டத்தைப் பார்க்கவேண்டும், ஆறிய எஞ்சினில் மட்டும். பிறகு சுவிட்ச்சைக் கழற்றி, வெப்பமானியோடு வெந்நீரில் இறக்கி, எந்த வெப்பத்தில் மூடுகிறது, எதில் திறக்கிறது என்று அடுப்படியிலேயே பார்த்துவிடலாம்.

ஃபியூஸில் ஒரு பொறி இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் கண்ணாடி ஃபியூஸில் 35 ஆம்பியர் என்று எழுதியிருந்தால், அது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு ஏறக்குறைய பாதிதான், 17 ஆம்பியர். அமெரிக்க வகை ஃபியூஸில் அதே 35 என்பது தொடர்ந்து தாங்கும் அளவு. உருவம் ஒத்துப்போகிறதே என்று அதை மாட்டினால் பாதுகாப்பு இரண்டு மடங்கு தளர்ந்துவிடும். அப்போது ஃபியூஸுக்கு முன்னால் ஒயர் எரியும். ஒயரின் கனமும் இதோடு சேர்ந்தது. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் மீட்டருக்கு ஏறத்தாழ 0.017 ஓம்; மூன்று மீட்டர் நீளத்தில் 20 ஆம்பியர் ஓடினால் அங்கேயே ஒரு வோல்ட் போய்விடும். 14 இழைகள் கொண்ட அந்த மெல்லிய ஒயர் 8.75 ஆம்பியருக்குத்தான் என்று பிரிட்டிஷ் அளவீட்டுப் பட்டியல்கள் சொல்கின்றன. விசிறிக்கு அதைப்போல் மூன்று மடங்கு கனமான 44 இழை ஒயர் வேண்டும்.

1960களின் தொடக்க காலக் கார்களில் இன்னொரு சிக்கல் உண்டு. 3.8 லிட்டர் ஈ-டைப், 1967 வரையிலான எம்.ஜி.பி. முதலியவற்றில் பேட்டரியின் நேர்முனையே பாடியோடு இணைக்கப்பட்டிருந்தது. பிற்காலத்தில் எதிர்முனை எர்த்துக்கு மாற்றும்போது, நிலைக்காந்தம் உள்ள விசிறி மோட்டார் எதிர்த்திசையில் சுற்றத் தொடங்கும். விசிறி ஓடுகிறது, சத்தம் வருகிறது, மீட்டரில் எல்லா அளவும் சரி. ஆனால் காற்று தவறான பக்கம் போகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றோடு மல்லுக்கு நின்று, ரேடியேட்டருக்குக் கிடைக்கும் காற்றையும் கெடுக்கும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு தாளை ரேடியேட்டரின் முன்பக்கம் பிடித்தால் உள்ளே இழுக்கப்பட வேண்டும். தள்ளப்பட்டால் மோட்டாரின் இரண்டு ஒயர்களையும் மாற்றிப் போடவேண்டியதுதான்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் உண்டு. எம்.ஜி.பி.யின் முதல் ஆண்டுகளில் இருந்த லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் தந்தது 22 ஆம்பியர். அதுவும் எஞ்சின் வேகமாகச் சுற்றினால் மட்டும். சிக்னலில் நிற்கும்போது டைனமோ கிட்டத்தட்ட எதையும் தருவதில்லை. விசிறி ஓடவேண்டிய நேரமும் அதுவே. பெல்ட் விசிறியை எடுத்துவிட்டு 20 ஆம்பியர் மின்விசிறி பொருத்திய காரில், இரவில் ஹெட்லைட்டும் சேர்ந்தால், நெரிசலில் பேட்டரி கரைந்துகொண்டே வரும். வோல்ட் இறங்க இறங்க விசிறி மந்தமாகும், தண்ணீர் இன்னும் சூடாகும். ஒயரிங் குற்றமற்றது, வரவு செலவுதான் பொருந்தவில்லை. இதற்கு ஆல்டர்னேட்டர்தான் தீர்வு. 1964-இல் 4.2 லிட்டர் ஈ-டைப் வந்தபோது ஜாகுவார் அதைத்தான் செய்தது.

சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் ஓரிரு நொடி இருமிக்கொண்டு ஓடினால், அதற்கும் விசிறி காரணமாக இருக்கலாம். மின்சாரம் நின்றாலும் விசிறி உந்தத்தில் சுற்றும். சுற்றும் மோட்டார் ஒரு டைனமோ. இக்னிஷன் சுற்றோடு அது நேரடியாக இணைந்திருந்தால், தான் உண்டாக்கும் மின்சாரத்தைப் பின்வழியாக இக்னிஷன் காயிலுக்கே அனுப்பும். விசிறிக்கு ரிலே வழியே தனிப்பாதை கொடுத்தால் இந்தக் குறும்பு நின்றுவிடும்.

வெப்பமானியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. விசிறி ஓடத் தொடங்கிய அதே கணத்தில் முள் சட்டென்று நகர்ந்தால், அது தண்ணீரின் வெப்பம் மாறியதால் அல்ல. பல லிட்டர் தண்ணீர் ஒரு நொடியில் ஆறாது. விசிறியும் மானியும் பகிர்ந்துகொள்ளும் ஓர் இணைப்போ எஞ்சின் எர்த் பட்டையோ பலவீனமாக இருக்கிறது என்பதையே அந்தத் துள்ளல் காட்டுகிறது.

இவை எல்லாம் சென்னைக்கு அந்நியமான கதைகள் அல்ல. 1960களின் தொடக்கத்தில் சென்னையின் பாடி பகுதியில் டி.வி.எஸ். குழுமத்தோடு சேர்ந்து லூகாஸ் தொழிற்சாலை அமைத்தது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த அம்பாசடரைப் பழுதுபார்த்துப் பழகிய கைகளுக்கு லூகாஸ் நிறமுறை மனப்பாடம்: பழுப்பு எப்போதும் உயிருள்ள ஒயர், வெள்ளை இக்னிஷன், பச்சை ஃபியூஸ் தாண்டிய இக்னிஷன், கறுப்பு எர்த். வெயில்தான் பெரிய வேறுபாடு. ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது. 20 டிகிரி இங்கிலாந்துக் கோடையில் 90 டிகிரி தண்ணீருக்கு 70 டிகிரி வேறுபாடு கிடைக்கிறது. சென்னையின் 40 டிகிரி மதியத்தில் அது 50 ஆகச் சுருங்குகிறது; அதே ரேடியேட்டர், அதே காற்று, ஆனால் வேலை ஏறக்குறைய முப்பது விழுக்காடு குறைவு. இங்கிலாந்தில் பொறுத்துக்கொள்ளப்படும் 2 வோல்ட் இழப்பு இங்கே எஞ்சினின் ஹெட் கேஸ்கட்டைக் கேட்கும்.

வேலை தொடங்கும்முன் பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றிவிடுங்கள். சூடான எஞ்சினில் விசிறி எந்த நொடியும் புறப்படலாம். வேலை முடிந்தபின் எஞ்சினை நின்றபடியே ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் போட்டு, விசிறி சுற்றும்போது பேட்டரியிலும் மோட்டார் முனைகளிலும் வோல்ட்டை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் முக்கால் வோல்ட்டுக்குள் இருந்தால் ஒயரிங் சரி. புது மோட்டார் வாங்குவதானால், அந்த அளவை எடுத்த பிறகு வாங்குங்கள்.